பன்னிரண்டாம் படிவத்தில் ஒரு வரி

இது நடந்தது. நம்பாதவர்கள் நகராட்சிக் கிடங்கில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நீல அட்டைக் கோப்பு, நூற்றுப் பதினேழாம் பக்கம். கீழே என் கையெழுத்து இருக்கிறது. ரலித்ஸா.

ஒரு கட்டடம் முடிந்தால் அதன் காகிதங்களையெல்லாம் சேர்த்து ஒப்படைப்பது என் வேலை. இருபது வருஷமாக, இதே ரூஸே ஊரில், டான்யூப் ஆற்றங்கரையில். மண்ணும் கான்கிரீட்டும் போட்டு மூடிவிடுகிற ஒவ்வொரு வேலைக்கும், மூடுவதற்கு முன்பே ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் பன்னிரண்டாம் படிவம். சட்டம் அப்படி. நாங்களோ ஒப்படைப்புக்கு முந்தின நாள் உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதுவோம். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் எழுதி வந்தேன்.

அன்று டிசம்பர் ஒன்பது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒப்படைப்புக் குழு வருகிறது. நாற்பத்தெட்டு வீட்டுச் சாவிகளும் பலகையில் தயாராகத் தொங்கின. வடகிழக்கு மூலை அஸ்திவாரத்தின் தாள் மட்டும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் ஊறி இரண்டு முறை சரிந்த மூலை அது. தாள் இல்லாமல் குழு கட்டடத்தை ஏற்காது. கிறிஸ்துமஸுக்குள் குடிவரக் காத்திருந்த நாற்பத்தெட்டுக் குடும்பமும் நடுத்தெருவில்தான்.

"எழுதிப் போடும்மா. மெத்தோடி கையெழுத்தையும் நீயே போட்டுக்கோ. அவரு எந்திரிச்சு வந்து கேக்கவா போறாரு?" என்று சொல்லிவிட்டு எங்கள் மேலாளர் ஸ்தாமென் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மெத்தோடி எங்கள் அஸ்திவார மேஸ்திரி. இடது காலை இழுத்து நடப்பார். வீட்டில் போட்ட குடைமிளகாய் ஊறுகாயை எனக்கென்று தனி பாட்டிலில் கொண்டுவருவார். ஏப்ரலில் மாரடைப்பில் போய்விட்டார். கையெழுத்தின் கீழே ஒரு கோடு, கோட்டின் கீழே இரண்டு புள்ளி... அதுதான் அவர் வழக்கம். அதைப் போலியாகப் போடப் போகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மாலை 4.10. வெளியே குளிர்கால இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் நான் மட்டும். வாசல் கதவை நானே பூட்டியிருந்தேன்.

மூலையை மூடிய தேதி, மார்ச் 11. ஆழம், கம்பி, எல்லாம் அடித்தேன். 'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில், 'எதுவும் இல்லை'. அச்சுக்குக் கொடுத்தேன்.

தாள் வந்தது.

வேறு ஏதேனும்: சிவப்பு நூல், ஒன்று. நீளம் ஒரு மீட்டர் எண்பத்தொன்று.

எங்கள் பக்கத்தில் பழைய கொத்தனார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டடம் நிற்க வேண்டுமென்றால் ஒரு ஆளின் நிழலை அவருக்குத் தெரியாமல் நூலால் அளந்து, நூலை அஸ்திவாரத்தில் வைத்து மூடுவார்கள். அந்த ஆள் நாற்பது நாள் தாண்டமாட்டார். அப்புறம் அந்தக் கட்டடத்துக்கு அவர்தான் காவல். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வோம்.

திரையைப் பார்த்தேன். 'எதுவும் இல்லை' என்றுதான் இருந்தது.

4.21. மறுபடி அச்சு. அதே வரி.

4.26. மூன்றாம் முறை. அதே வரி.

க்ளிங்... சாவிப் பலகையில் ஒரே ஒரு சாவி ஆடியது.

ஸ்தாமெனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அந்த மூலையில நூல் வெச்சீங்களா?"

அவர் குரல் தாழ்ந்தது.

"யார் சொன்னா உனக்கு?"

போனை வைத்துவிட்டார்.

மாடிப்படியில் சத்தம். ஒரு காலடி... ஒரு இழுப்பு. ஒரு காலடி... ஒரு இழுப்பு.

என் அறை வாசலில் நின்றது.

ஊறுகாய்க் காடி வாசனை.

மேசையைப் பார்த்தேன். மூன்றாம் தாள். கையெழுத்து. கோடு. இரண்டு புள்ளி.

மை காயவில்லை...

"மேஸ்திரி," என்றேன். "இருந்தத இருந்தபடியே வெச்சிடறேன்."

அந்த வரியோடேயே என் கையெழுத்தைப் போட்டேன்.

ஒரு காலடி... ஒரு இழுப்பு... மேலே ஏறிப் போனது. சாவி நின்றது. மணி 4.44.

மறுநாள் குழுவில் இருந்த வயதான பொறியாளர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். கட்டடம் கையைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரியில் மெத்தோடியின் மனைவி ஸ்தோயாங்காவைப் பார்க்கப் போனேன். நூலைப் பற்றிக் கேட்டதும் அந்தம்மா உள்ளே போய் அவர் வேலைக்குப் போட்டுப் போகும் கோட் ஒன்றை எடுத்து வந்தார். அதன் பையில் சுருட்டிய சிவப்பு நூல் ஒன்று. அதில் ஒரு சீட்டு. சீட்டில் என் பெயர்.

மார்ச் பத்தாம் தேதி நல்ல வெயிலில், கோப்பும் கையுமாக அந்தக் குழியோரம் நான் நின்றது நினைவுக்கு வந்தது.

"உன் நிழலத்தான் அளக்கச் சொன்னாராம் மேலாளர். இவரும் அளந்துட்டு வந்துட்டாரு. ராத்திரி பூரா தூங்கல. காலையில அத வீட்டுலயே போட்டுட்டு, என்னோட நிழலே போதும்னு சொல்லிட்டுப் போனாரு," என்றார்.

அவர் இறந்தது ஏப்ரல் இருபது. மார்ச் பதினொன்றிலிருந்து விரல் விட்டு எண்ணினேன்.

நாற்பது.