தர்மண்ணனுக்கு வெடி வேண்டாம்

சென்ற கிழமை ஒருநாள் காலை, ஏறாவூரில் ஒரு வீட்டுக்குக் கூரைமரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தர்மண்ணனின் மனைவி பூமணி அக்கா பேசினார். "அவர் போயிட்டார் தம்பி" என்றார். எப்படி என்று நான் கேட்டாக வேண்டும். பல வருடங்களாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. அவரே சொன்னார்: நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தர்மண்ணன் தன் கையால் தன்னை முடித்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு மரணச் செய்தியில் இப்படி ஆறுதல் தேட வேண்டியிருந்ததே என்று அழுகையும் வந்தது. கீழே இறங்குவதற்குள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அவருடைய ஊரில் மதிப்பான மனிதர் இறந்தால் மயானம் வரைக்கும் சீனவெடி கொளுத்திக்கொண்டு போவார்கள். தர்மண்ணன் வெடிச்சத்தம் தாங்கமாட்டார்.

தர்மலிங்கம் என்பது முழுப்பெயர். தேற்றாத்தீவுப் பக்கம் வாவிக்கரையில் வீடு. மீசை அரும்பும் வயதில் இயக்கத்துக்குப் போனவர். சண்டை முடிந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்து, மேசன் வேலை பழகியவர். நான் ஓடாவி. அவர் சுவர் கட்டுவார், நான் கதவும் கூரையும் போடுவேன்.

சேர்ந்து வேலை செய்த முதல் நாளே, நான் ஆணி அடித்த சத்தத்தில் குழைத்துவைத்த சீமெந்துக்குள் குப்புற விழுந்தார். எழுந்து, வழுக்கிவிட்டது என்று சிரித்தார். மறுநாளும் வழுக்கியது. அதன் பிறகு சுத்தியலை ஓங்கும் முன் நான் குரல் கொடுக்கத் தொடங்கினேன்: "அண்ணன், அடிக்கிறன்." அவர் கரண்டியை வைத்துவிட்டு, "ஓம், அடிங்க" என்பார். அதற்குப் பிறகுதான் அடிப்பேன். ஓடாவியார் ஆணிக்கும் அனுமதி கேட்கிறார் என்று கூலியாட்கள் கேலி செய்வார்கள். நாங்கள் இருவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொள்வோம்.

தன் வீட்டுக்குக் கதவு போடச் சொன்னபோது, எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றார். மாரி மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமே என்றேன்.

"வரட்டும் ஓடாவியார். எனக்கு ஓட வழி வேணும்."

அப்படியே செய்துகொடுத்தேன். விசாரணைகளில் கேட்டதே போதும் என்று வாழ்கிற மனிதரிடம் மேலே என்ன கேட்பது?

அந்த வருடம் தன் ஊர் அம்மன் கோயிலின் வைகாசிச் சடங்குத் திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். கோயில் வாசலில் பறை முழங்க, வெடி கொளுத்தினார்கள். தர்மண்ணன் மணலில் விழுந்தார். உடம்பு உதறியது. "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினார். நான் பதறிப்போய் எழும்பினேன். ஊர் கைகூப்பி நின்றது. அவர் மேல் தெய்வம் வந்துவிட்டது என்று நம்பி நெற்றியில் நீறு பூசி, கையில் வேப்பிலை கொடுத்தார்கள். யுத்தத்தில் மகனைத் தொலைத்த கனகம்மா என்ற வயதான தாய் காலடியில் விழுந்து, பிள்ளை இருக்கிறானா என்று கேட்டார். தர்மண்ணன் திரும்பவும் "ஓடுங்க" என்றார். மகன் ஓடித் தப்பிவிட்டான், எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று அந்தத் தாய் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தர்மண்ணன் ஊருக்குத் தெய்வக்காரர். காணாமல் போன பிள்ளைகளுக்காகப் பெட்டிசன் எழுதிப் பார்த்தவர்கள், அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் எல்லாம் அவரிடம் வந்தார்கள். அது தெய்வமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏறாவூரில் இருந்து என்னைப் போன்ற முஸ்லிம் சோனகன் ஒருவன் போய் அதைச் சொன்னால் என்ன ஆகும்? சண்டைக்காலத்தில் எங்கள் இரண்டு சனமும் மோதிப் பட்டது போதாதா? வைகாசி நெருங்க நெருங்க, பூமணி அக்காவும் நானும் வாய்திறக்காமல் பயந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் வேலைத்தளத்துக்கு வெளியே லொறி டயர் வெடித்தது. சாரத்தின் உச்சியிலிருந்து அவர் குதித்துவிட்டார். கால் முறிந்தது. பார்க்க வந்தவர்கள் வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். எல்லோரும் போன பிறகு, மனத்துக்கு வைத்தியம் பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னேன். மகள் வினோவுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், விசரன் மகள் என்பார்கள் என்றார். கிளினிக்கில் பெயர் எழுதினால் பழைய விசாரணைக்காரர் திரும்ப வருவார்கள் என்றார். கடைசியாகத்தான் உள்ளே கிடந்தது வந்தது.

"நான் நோயாளி எண்டா, கனகம்மாட மகன் செத்துப்போவான் ஓடாவியார். அதை நான் எப்பிடிச் செய்யிற?"

ஆனாலும் கால் ஆறியதும், மரம் வாங்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லி, அவரைத் தெரிந்தவர் இல்லாத தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாசலில் மூன்று தரம் திரும்பிப் போகப் பார்த்தார். உள்ளே இருந்த இளம் டொக்டர், இயக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நித்திரை வருகிறதா என்றுதான் கேட்டார். தர்மண்ணன் அழத் தொடங்கினார்.

மாத்திரைகளை வீட்டில் வைக்கப் பயந்து என் உளிப்பெட்டிக்குள் வைத்தார். வேலைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வார். நித்திரை கொஞ்சம் பிடிபட்டது. ஒருநாள் வேலை முடியும் நேரம், "இண்டைக்கு வாவியப் பாத்தன், ரத்தமாத் தெரியல்ல, தண்ணியாத்தான் தெரிஞ்சிது" என்றார். அந்தச் சந்தோசம் நிலைக்கும் என்று நம்பினேன். இந்த வருடச் சடங்குக்கு விரதம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் கெஞ்சினேன். சடங்கு முடியட்டும் என்றார். சடங்குக்கு முதலே நெஞ்சு நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வெடிக்கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. தெய்வக்காரருக்குக் குறை வைக்கக்கூடாது என்று கோயில் இளைஞர்கள் அன்போடு கொண்டுவந்தவை. பந்தலில் ஊரே இருந்தது. வினோவைப் பெண் கேட்டிருந்த வீட்டாரும் இருந்தார்கள். பூமணி அக்கா எழுந்து வாசலுக்கு வந்தார்.

"வெடி வேணாம். அவருக்கு வெடிக்குப் பயம். சடங்கில அவருக்கு வந்தது தெய்வமில்ல, சண்டை."

எனக்குக் கனகம்மாவைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவர்தான் எழுந்து வந்தார். இளைஞன் கையிலிருந்த வெடிக்கட்டை வாங்கி, தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினார்.

"தெய்வம் எண்டா வெடிக்குப் பயப்படுமா மனே? எனக்கு அப்பவே தெரியும். ஆராவது உண்மையைச் சொன்னாத்தானே எனக்கும் நித்திரை வரும்."

பெண் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று இதுவரை தெரியவில்லை. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. மாத்திரைகளும் என் உளிப்பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன.

மயானம் வரைக்கும் பறையும் இல்லை, வெடியும் இல்லை. தூரத்தில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலும் நான் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். குழியருகே பெட்டியை மூடி, ஒரு தம்பி சுத்தியலை ஓங்கினார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, சுத்தியலை வாங்கிக்கொண்டேன். தலைமாட்டில் குனிந்தேன்.

"அண்ணன், அடிக்கிறன்."

"ஓம், அடிங்க" என்று அவர் சொல்ல எடுக்கும் நேரம் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு அடித்தேன்.

போய் வாருங்கள் அண்ணன். இனி உங்களுக்குச் சொல்லாமல் யாரும் அடிக்கமாட்டார்கள்.