மரத்துக்கு அடியில் தட்டிய சத்தம்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை எர்ணாவூரில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. கரண்ட் இல்லாததால் கம்பெனிகளின் இரைச்சலும் இல்லை. நான் காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவன். மரம் அறுக்கும் செயின் சா மெஷினை ஓட்டத் தெரியும் என்பதால் தன்னார்வக் குழுவில் அந்த வேலை எனக்கு.

ஒரு தகர ஷீட் வீட்டின் மேல் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து கிடந்தது. முழங்கால் அளவு தண்ணீர்.

"உள்ள யார்னா கீறாங்களா?" என்று கேட்டேன்.

"சாந்தி மட்டும்தான் நைனா. தனியாத்தான் கீது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மெஷினை ஓட்டி முதல் கிளையை இறக்கிவிட்டு நிறுத்தினேன். டொக். டொக். டொக். யாரோ தகரத்தில் தட்டும் சத்தம். எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. மெஷினை நிறுத்தும்போதெல்லாம், எங்களுக்குப் பதில் சொல்வதுபோல் அது தொடங்கியது.

"உயிரோட கீது மாமு, சீக்கிரம்!" என்றான் என் கூட்டாளி தாஸ்.

ஜாக்கி போட்டு உத்தரத்தைத் தூக்கி, சாந்தியை வெளியே எடுத்தோம்.

"நீ தட்டுனதாலதாம்மா சுருக்கா வந்தோம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நான் எங்கண்ணா தட்டுனேன்? ரெண்டு கையும் மாட்டிக்கினு கெடந்துச்சி. நீங்கதான் தட்டிகினு கீறீங்கன்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்தார். "வேணாம் நைனா, உள்ள வேற யாருமே கெடையாது. வந்துடுங்க."

எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொன்னேன். வெகுநேரம் தண்ணீர் சலசலப்பு மட்டும்தான். பிறகு, மிக மெதுவாக, டொக்.

வீட்டின் பின்புறம், சுவருக்கும் சரிந்த தகரத்துக்கும் நடுவே, பாட்டில் பொறுக்கும் ஒருவர் உட்கார்ந்த நிலையில் மடங்கியிருந்தார். மழைக்கு ஒதுங்கியவர். வாய் பேச வராதவர். தண்ணீர் மார்பைத் தொட்டிருந்தது. கையில் ஒரு கம்பி. நாங்கள் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்தக் கை வெறும் காற்றில் தட்டிக்கொண்டே இருந்தது.

அவரைக் காணோம் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. அதனால் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: தேடி வந்த ஆள் கிடைத்ததும் சாமான்களைக் கட்டிவிடாதீர்கள். மெஷினை நிறுத்துங்கள். யாரும் தேடாத ஆள் ஒருவர் உள்ளே இருக்கலாம்.