ஜி.எஸ்.டி. உபயம்

இருபதாம் தேதி என்றால் எங்களைப் போன்ற வரி ஆலோசகர்களுக்குச் சோறு இறங்காது. போன மாத ரிட்டர்னுக்கு அன்றுதான் கடைசி நாள். ஜி.எஸ்.டி.க்கு முன்பு வாட் வரி இருந்த காலத்திலிருந்து காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறேன். இத்தனை அனுபவத்தோடு நான் அசடு வழிந்த ஓர் இருபதாம் தேதியைப் பற்றி, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஏழுமலை சாரம் கட்டும் கான்ட்ராக்டர். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கவும் கட்டடத்துக்குப் பூசவும் ஆட்கள் ஏறி நிற்கிற சாரம். சவுக்குக் கொம்பும் கயிறுமாக ஆரம்பித்து, பிறகு இரும்பு பைப்புக்கு மாறியவர். அவரிடம் எட்டு பேர் வேலை செய்தார்கள்.

"அக்கா, ஒரகடத்துல ஒரு கம்பெனி கூப்புடுதுக்கா. வருஷம் பூரா வேலை இருக்குதாம். ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டேங்கறாங்க" என்று வந்து நின்றார்.

அவருடைய வருமானத்துக்கு நம்பர் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் நம்பர் உள்ள பில்தான் கேட்பான். நம் பில்லில் அவன் கொடுக்கிற வரியை, அவன் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால்தான். நம்பர் எடுத்துக் கொடுத்தேன். "இனிமே ஒவ்வொரு பில்லுலயும் வரி போடணும், அதைக் கட்டணும்பா" என்று சொன்னதற்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நம்பர் வந்த பிறகு அவர் போட்ட முதல் பில் கம்பெனிக்கு இல்லை. மாகறல் போகிற வழியில் ஒரு கோயில் திருப்பணிக்கு. சாரம் வேலை நாலு லட்சம், பதினெட்டு சதவீத வரி எழுபத்திரண்டாயிரம். பில்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வரித் தொகைக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'உபயம் – சாரம் ஏழுமலை' என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்கத்தான் பார்த்தேன். ஆனால் எங்கள் ஊரில் டியூப் லைட்டில், ஃபேனில், தண்ணீர்த் தொட்டியில் என்று எங்கே திரும்பினாலும் அந்தச் சொல்தான். கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் பில்லை அப்படியே ஏற்றிவிட்டேன்.

இருபதாம் தேதி, வரி கட்டுகிற 3பி ரிட்டர்னைத் திறந்தேன். பில்லில் போட்ட வரி எழுபத்திரண்டாயிரம். பைப்பும் கிளாம்பும் இரண்டு லட்சத்துக்கு வாங்கியதில் அவர் ஏற்கெனவே கொடுத்த வரி முப்பத்தாறாயிரம். வாங்கினதில் கொடுத்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் இந்த வரியின் சூட்சுமம். போன் போட்டேன்.

"முப்பத்தாறாயிரம் அனுப்புப்பா, டைம் ஆவுது."

"எதுக்குக்கா?"

"வரிக்குப்பா."

"வரிதான் இல்லியேக்கா. அதான் உபயம்னு எழுதிட்டனே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருக்கற வேலையை அப்படியே போட்டுட்டு வா" என்றேன்.

மனைவி மரகதத்தோடு வந்தார். மரகதம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டுக் கூலிக்கு நெய்பவர். முதலாளி கடையில் சேலையைக் கொடுத்துவிட்டு அப்படியே கூட வந்திருந்தார்.

"சாமி காரியம்க்கா. கோயில் கமிட்டியில நாலு லட்சம்தான் வாங்கினேன். ஜி.எஸ்.டி. எழுபத்திரண்டாயிரம் நம்ம உபயம்னு சொல்லிட்டேன். மைக்குல என் பேரச் சொன்னாங்க. சலவைக் கல்லுல கூட வெட்டிட்டாங்க" என்றார் ஏழுமலை.

"கல்லுல வெட்டினா கம்ப்யூட்டர்ல அழிஞ்சிடுமா?" என்று கத்தினேன்.

இதைக் கட்டாமல் 3பி போகாது. 3பி போகாவிட்டால் அடுத்த மாதம் கம்பெனி பில்லை ஏற்ற முடியாது. ஏற்றாவிட்டால் கம்பெனிக்காரன் கணக்கில் அந்த வரி தெரியாது. முதல் பில்லே தெரியவில்லையென்றால் பைப்பைக் கழற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லிவிடுவோம் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வருஷம் பூரா வேலை என்று நம்பி, எட்டு பேருக்கும் முன்பணம் கொடுத்து வைத்திருந்தார் மனிதர்.

இரண்டு வழி சொன்னேன். கமிட்டியில் வரியைக் கேட்டு வாங்குவது ஒன்று. நாலு லட்சத்துக்குள்ளேயே வரி அடக்கம் என்று பில்லைத் திருத்துவது இன்னொன்று. அப்போது வரி அறுபத்தோராயிரம் சொச்சமாகக் குறையும், ஒழியாது.

"குடுத்தத திருப்பிக் கேக்கறதா? நாக்கு அழுகிடும்க்கா. பில்ல மாத்தினா, மைக்குல சொன்ன தொகை பொய்யாயிடும். அதுவும் வேணாம்."

"அந்த வரி உன்னுது இல்லப்பா. அரசாங்கத்துது. உன் கை வழியா போவுது, அவ்ளோதான்."

"என் வேலை, என் பில்லு, என் கையெழுத்து. நானே வேணாம்னு விட்டா யாருக்கு இன்னாக்கா நஷ்டம்?"

இதையே மூன்று தடவை சுற்றிச் சுற்றிப் பேசினோம். எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதுவரை வாய் திறக்காத மரகதம் புருஷன் பக்கம் திரும்பினார்.

"யோவ், நான் நெய்யறனே, தறியில ஏத்தின பட்டு யாருது?"

"முதலாளிது."

"ஜரிகை?"

"அதுவும் அவருதுதான். இப்ப எதுக்கு அது?"

"எடை போட்டுக் குடுக்கறாரு, சேலைய எடை போட்டு வாங்கிக்கறாரு. நடுவுல நான் ஒரு முழம் அறுத்து அம்மனுக்குச் சாத்திட்டு, உபயம் மரகதம்னு சொன்னா விடுவாரா? என் கூலியில வாங்கிச் சாத்தினா அது என் உபயம். நீ சாத்தியிருக்கறது அடுத்தவன் பட்டுய்யா."

"எவ்ளோக்கா கட்டணும்?" என்று ஏழுமலை என் பக்கம் திரும்பினார். எனக்கு, பொய் சொல்வானேன், கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷம் சட்டப் பிரிவுகளைக் கரைத்துக் குடித்து எனக்கு இப்படிச் சொல்ல வந்ததில்லை.

தப்பு என்னுடையதும்தான் என்று அவர்களிடமே சொன்னேன். பில் வந்த அன்று, "உபயம்னா என்னப்பா, பணம் கைக்கு வந்துச்சா?" என்று ஒரு போன் போட்டிருந்தால் போதும். கோயிலுக்குச் செய்ய ஆசைப்பட்டால் கூலியைக் குறைத்துப் பில் போடு, வரியில் கை வைக்காதே என்று அப்போதே சொல்லியிருப்பேன். தெரிந்த சொல்தானே என்று கேட்காமல் விட்டேன். தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

கடைசியில், வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கொம்பு அத்தனையையும் ஏழுமலை ஒரு பந்தல்காரருக்கு விற்றார். குறைந்ததற்கு மரகதம் சேலைக் கூலியைக் கொடுத்தார். இரண்டு நாள் தாமதக் கட்டணத்தை நான் போட்டேன். அடுத்த மாதம் கம்பெனி பில் சிக்கலில்லாமல் ஏறியது. ஒரகடம் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் கட்டிய அன்று, ரசீதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தாறாயிரம் போச்சுக்கா. சாமிக்குக் குடுத்தது பத்தாதுன்னு கவர்மெண்டுக்கு வேற குடுத்துக்கினு நிக்கறேன்."

மரகதம் ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"சாமிக்கு எப்பய்யா குடுத்த? இன்னிக்குத்தான குடுத்திருக்கற."