பகல் குளிசை

காலையில் அளவாக இருந்த சட்டை பின்னேரம் வயிற்றில் இறுகியது. ஒன்பது வயது மகள் நஸீஹாவின் கைகால்கள் மெலிய, வயிறு மட்டும் ஊதியது. மலம் வெளிறி எண்ணெய்ப் பசையாய்ப் போனது. மூன்று தரம் பூச்சி மருந்து கொடுத்தோம். சாப்பாடு காணவில்லை, போதவில்லையென்று பாலும் சீனியும் கூட்டினேன். இன்னும் ஊதியது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் ஒரு டொக்டர்தான் அவள் வயிற்றுத் தழும்பைப் பார்த்து வேறு கேள்விகள் கேட்டார். மூன்று வயதில் குடல் அடைப்புக்குச் சத்திரசிகிச்சை செய்த தழும்பு அது.

"சாப்பாடு காணாம இல்லம்மா. மகள் தின்ன முந்தியே கிருமி பந்தியில குந்திருது."

வெட்டித் தைத்த இடத்தில் உணவு தேங்கி, சிறுகுடலில் (இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் நடுவிலுள்ள குடல்) பற்றீரியா (நுண்கிருமி) பெருகியிருக்கலாம் என்றார். உறுதிசெய்யும் சோதனை இங்கில்லை. மருந்துக்கு வயிறு கேட்கிறதா என்று பார்ப்பதே வழி. பதினான்கு நாள், எட்டு மணித்தியாலத்துக்கொரு குளிசை (மாத்திரை).

அது நோன்பு மாதம். ஆசிரியையான எனக்கும் விடுமுறை. ளுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பகல் குளிசையையும் தண்ணீரையும் அவள் கையில் கொடுத்துவிட்டுத் தொழப் போவேன். தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால் கோப்பை வெறுமையாக இருக்கும்.

நான்காம் நாள் வயிறு வடிந்தது. பத்தாம் நாள் மீண்டும் ஊதியது. அன்று தலையணை உறையை உதறினேன். ஆறு குளிசைகள் விழுந்தன.

"இதென்ன மகள்?"

"மச்சி என்ன நோம்புக் கள்ளிண்டு சொல்றா உம்மா. நானும் நோம்பு." மச்சி என்றது என் அண்ணன் மகளை.

"அப்ப பகல் குளிச?"

"பின்னேரம் நோம்பு துறந்துட்டு ரெண்டையும் சேத்துத் திங்கலாமெண்டு நெனச்சன். கசந்திச்சி. மறந்துட்டன்."

பகல் சோறு கோழிகளுக்கும் கோப்பைத் தண்ணீர் முற்றத்துக்கும் போயிருந்தது. அடிக்கக் கையெடுத்தேன்; முடியவில்லை. ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்து நான் யாருக்காக அழுதேனோ, அவள் என் முதுகுக்குப் பின்னால் பசியோடு இருந்திருக்கிறாள்.

"சுகமில்லாத ஆளுக்கு நோம்பு கடமையில்ல. உன்ட வயசுக்கும் இல்ல. சுகமாகி எத்தின நோம்பும் புடி."

"அப்ப அத மச்சிக்கிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன்.

டொக்டர் கோபிக்கவில்லை, முதலிலிருந்து பதினான்கு நாள் என்றார். அதன்பின் குளிசை இறங்கி, அவள் வாயைத் திறந்து காட்டிய பிறகே தொழுகைக்கு நின்றேன். இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் பெருநாளன்று பலகாரத் தட்டைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தேன். என் மாமியார் முகம் சுளித்தார். தட்டு அங்கேயே இருந்தது.

இதே நோயோடு பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வயிறு வடிவது மட்டும் சுகமல்ல. மருந்து கொடுப்பது வேறு, அது உள்ளே போவது வேறு. திரும்பவும் வரலாம். எங்களுக்கு ஒருமுறை வந்தது. மறுபடி மருந்து கொடுத்தோம்.

எத்தனையோ மாதம் அவள் வயிற்றைத் தொட்டுத்தான் என் நாள் விடிந்தது. ஒருநாள் கடற்கரையிலிருந்து ஓடிவந்து சோறு கேட்டாள், தின்றாள், தூங்கிவிட்டாள். மறுநாள் வகுப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: நேற்று முழுவதும் அவள் வயிற்றை நான் பார்க்கவேயில்லை.