நான்காம் செட்டின் ஒற்றைக் கோழி

குமாரசாமியின் கோழிப்பண்ணைக்கு 1988-ல் கம்ப்யூட்டர் வந்தபோது நாமக்கல்லே திரண்டு வந்து பார்த்தது. கோழிகள் மட்டும் கண்டுகொள்ளவில்லை. அதை இயக்க வந்தவள் மல்லசமுத்திரத்து வசந்தாமணி, டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் கம்ப்யூட்டர் படித்தவள். வேலை போனால் கல்யாணம் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையை அவள் பார்த்திருந்தாள். அதனால் வேலைமீது அலாதிப் பிரியம்.

பண்ணையில் நான்கு செட்டு, அதாவது நான்கு கோழிக் கொட்டகைகள். ஒவ்வொரு செட்டின் முட்டைகளையும் கோழிகளால் வகுத்து, நூறு கோழிக்கு எத்தனை முட்டை என்று கம்ப்யூட்டர் காட்டும். கடைசியில் நான்குக்கும் சராசரி. நான்காம் செட்டின் கிழட்டுக் கோழிகளை லாரியேற்றிய மறுநாள் திரையில் அதன் கட்டத்தில், தப்பு என்பதற்கு அடையாளமாக 'ஈ.ஆர்.ஆர்.' என்று வந்தது. சராசரியிலும் அதுவே.

"மிசின் கெட்டுப்போச்சு. திருப்பி அனுப்பிரலாம்," என்றார் குமாரசாமி. "நீயும் ஊடு போய்ச் சேரு சாமி."

வசந்தாமணிக்கு மாப்பிள்ளையின் ஞாபகம் வந்தது. சூத்திரத்தை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, மிசின்மேல தப்பில்லீங்க. கோழியே இல்லாத செட்டுல கோழிக்கு எத்தன முட்டைன்னு கேட்டா அது என்னங்க சொல்லும்? சைபரால வகுக்க முடியாதுங்க."

அவள் சூத்திரத்தைத் திருத்துவதற்குள் குமாரசாமி தீவனம் போடும் பாப்பாயியைக் கூப்பிட்டார். "நாலாஞ் செட்டுல ஒரு கோழியக் கொண்டு போய் உடு."

ஈ.ஆர்.ஆர். மறைந்தது. மறுநாள் அந்தக் கோழி ஒரு முட்டை இட்டது. நான்காம் செட்டு நூற்றுக்கு நூறு! மற்ற மூன்றும் எண்பதிலேயே நிற்க, பண்ணையின் சராசரி எண்பத்தைந்துக்கு ஏறியது. குமாரசாமி மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்காரர்களை வரவழைத்துக் காட்டினார். இனித் தீவனத்தைக் குறைக்கலாம் என்றுகூடச் சொன்னார்.

வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. முந்தின தப்பாவது தப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தது. இது நல்ல சேதி மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. கோழி இல்லாவிட்டால் வகுக்காதே என்று சூத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தாள். சராசரிக்குப் பதில் மொத்த முட்டையை மொத்தக் கோழியால் வகுத்தாள். எண்பதுக்கு இறங்கியது.

"நேத்து எண்பத்தஞ்சு இருந்துச்சே?"

"அது அந்த ஒத்தக் கோழிங்க."

குமாரசாமி மீசையிலிருந்து கையை எடுத்தார். "அந்தக் கோழியப் புடிச்சு உங்க ஊட்டுக்கே கொண்டு போயிரு," என்றார்.

வேலை போயிற்று என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு நேரத்துல வா சாமி. பக்கத்துப் பண்ணைக்காரங்ககிட்ட நீதான் எடுத்துச் சொல்லோணும்."

வீட்டுக்கு வந்த கோழி அதன்பின் முட்டையே இடவில்லை. அம்மா சென்னியம்மாள் குழம்பு வைக்கக் கத்தியை எடுத்தபோது வசந்தாமணி குறுக்கே நின்றாள்.

"வகுக்கறப்ப மேல முட்டை சைபரா இருந்தாப் பரவால்லம்மா. கீழ கோழி சைபராகக் கூடாது."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்தாள்.