கதவைச் சாத்திக் கழுவிய அறை

தெருவில் அவளுக்குப் பினாயிலக்கா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ பட்டம் வாங்கினவள் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைக் கழுவிக் கொடுப்பது அவள் தொழில். பரண், சாமான் அறை, படிக்கட்டுக்கு அடியிலுள்ள பொந்து என்று மனிதர்கள் எட்டிப் பார்க்காத இடமெல்லாம் அவள் ராஜ்ஜியம். எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் துடைப்பத்தைத் தொடவே மாட்டாள். முதலில் ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள். அப்புறம் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரைக்கும் கையுறை, முகக்கவசம். பிளீச்சிங் தண்ணீரை ஊற்றி நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுப்பாள்.

"காஞ்சதைப் பெருக்குனா அந்தத் தூசி நேரா நுரையீரல்ல குடிவந்துடும். காலி பண்ணச் சொன்னாலும் போகாது" என்று வீட்டுக்காரர்களுக்குப் பாடம் வேறு.

இத்தனை வெறி சும்மா வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அவள் பைக்குள்ளிருந்து எலிக்குஞ்சு ஒன்று குதித்து ஓடியது. வகுப்பே பெஞ்சு மேல் ஏறி நின்று சிரித்தது. அன்றோடு படிப்பு நின்றது, தேய்ப்பு ஆரம்பித்தது.

புருஷன் சைக்கிள் கடைக்காரன். வாய் நிறைய நக்கல், கை நிறையக் கீறல். பழைய டயர்களை வீட்டுப் பின்னறையில் குவித்து வைத்திருந்தான். அடைமழையில் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து தேங்கியது. அவள் போய் ஒரு டயரைப் புரட்டினாள். உள்ளே எலி, பெண்டு பிள்ளைகளோடு.

அவளுக்கு முகம் செத்துவிட்டது.

"கையுறையை எடுத்துட்டு வா" என்றான் அவன்.

"கழுவி எங்க காயப்போடுறது? கொடியில பார்த்தா எதிர்வீட்டு அக்கா, 'இன்னைக்கு வேலைக்கே போகலையே, இதெல்லாம் எதுக்குடி'ன்னு குடைஞ்சிடும்."

"பிளீச்சிங்காவது போடேன்."

"வாசனை தெருமுனை வரைக்கும் போகும். பேசாம அள்ளுங்க."

கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, வெறுங்கையோடும் வெறுங்காலோடும் இருவரும் அந்தக் கறுப்புத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளிச் சாக்கடையில் கொட்டினார்கள். ஊர் வீட்டுக்கெல்லாம் பூட்ஸ் போட்டவள், சொந்த வீட்டுக்குத் திருடி மாதிரி நுழைந்தாள். அவள் தோலில் காயம் இல்லை, தப்பித்தாள். அவன் கையோ பஞ்சர் ஒட்டாத டியூப்.

கொஞ்ச நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, கெண்டைக்கால் கடுத்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா தெளிவாகவே கேட்டார்: "வீட்ல எலி இருக்கா? தேங்கின தண்ணியில இறங்குனாரா?"

கட்டில் பக்கத்தில், பிளாஸ்க்கில் காப்பியோடு எதிர்வீட்டு அக்கா நின்றிருந்தார்.

"எங்க வீட்லயா?" என்றாள் பினாயிலக்கா.

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். அவன் மனைவியைப் பார்த்தான்.

"இவ வீட்லயா எலி? எறும்பே செருப்பைக் கழட்டிட்டுத்தான் டாக்டர் உள்ள வரும்."

வார்டே சிரித்தது. அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். கல்யாணத்தன்றுகூட அவன்மேல் அப்படியொரு பிரியம் அவளுக்கு வந்ததில்லை.

அப்புறம் அவன் கண் மஞ்சளானது. மூத்திரம் நின்றது. அவள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓடி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்துச்சும்மா! அந்தத் தண்ணியை அவரு வெறுங்கையால அள்ளுனாரு" என்று கத்தினாள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்ததும் மருந்து மாறியது. சிறுநீரகம் மனசு மாறவில்லை.

அவன் காரியமெல்லாம் முடிந்த பிறகு எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். முந்தானையை முறுக்கியபடியே குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பரண்லயும் எலி இருக்குடி. பக்கத்து வீட்லயும் இருக்கு. மழை வந்தாலே எல்லாருக்கும் இதே பாடுதான்."

"எங்கிட்ட யாரும் ஒரு நாளும் சொல்லலையேக்கா."

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? வாசல் வரைக்கும் வந்து நின்னாலே நீ எங்க காலைப் பாப்ப. கேவலமா நினைச்சுடுவியோன்னு பயம்."

ஒரு வார்த்தை. யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அல்லது அவள் சொல்லவிட்டிருந்தால்.

"இப்ப பரணை எப்படிக் கழுவுறதுடி? எனக்கும் கையெல்லாம் வெடிப்பு" என்று கிசுகிசுத்தார் அக்கா.

"முதல்ல ஜன்னலைத் திறங்க!" என்றாள் அவள், தொண்டை கிழிய.

"மெதுவாடி, தெருவுல கேக்கும்."

"கேக்கட்டும்க்கா. எங்க வீட்ல எலி இருந்துச்சு. நான் இல்லைன்னு சொன்னேன். எனக்காக அவரும் இல்லைன்னு சொன்னாரு."

எதிர்வீட்டு அக்கா எழுந்து கதவைச் சாத்தப் போனார். அவள் விடவில்லை.