நாத்த நோட்டு

யசோதராவை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அதில் பாதி நாள் சண்டையில் போயிருக்கும். திருவொற்றியூர் மார்க்கெட் அருகே என் ஜெராக்ஸ் கடை. மனு அடிக்க வருகிறவர்கள் நாற்காலியைக் கண்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். இவள் மட்டும் உட்கார மாட்டாள். நின்றபடியே சொல்லிக்கொண்டு போவாள். ஓர் எழுத்து தவறினாலும் என் தோளுக்கு மேலே விரல் நீண்டு திரையைக் குத்தும். முதல் நாளே சொன்னேன், "ஏட்டி, கடை என்னுது, கம்ப்யூட்டரும் என்னுது. கொஞ்சம் தள்ளி நில்லு." அவள் தள்ளி நிற்கவில்லை.

வியாசர்பாடியில் ஒரு பௌத்தக் குடும்பத்துப் பெண். கன்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில் வேலை. உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் நேரத்தையும் பதிய வேண்டும். டிரெய்லர் ஓட்டும் எழிலனைக் கட்டிக்கொண்டு எர்ணாவூருக்கு வந்து பதினாலு வருஷம். மாமியார் தாயம்மாவும் அவர்களோடுதான்.

எதையும் எழுதிவைக்காவிட்டால் யசோதராவுக்குக் கை அரிக்கும். காற்று திரும்பினால் ஆலைகளின் வாடை எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்துவிடும் அல்லவா, அதற்கும் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, நேரம், காற்றின் திசை, எந்த மாதிரி வாடை. அழுகின முட்டை, மெழுகு, சுட்ட ரப்பர் என்று வகைவகையாக இருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு: 'யாருக்கு இன்னா ஆச்சு'. தெருவில் அதற்கு நாத்த நோட்டு என்றே பெயர். அதன் பிரதிகள் இல்லாமல் என் கடையிலிருந்து ஒரு மனுவும் போனதில்லை.

பிள்ளை வேண்டாம் என்பதை அவள் ஒளித்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே எழிலனிடம் சொல்லிவிட்டாள், அவனும் தலையாட்டிவிட்டான். பழகிய ஆறாம் மாதம் என்னிடமும் சொன்னாள்.

"ரெண்டு காரணம் கீதுக்கா. மொத காரணம் ஊருக்கு. இந்தக் காத்துல ஒரு புள்ளய கொணாந்து வுட்டு, மூச்ச இழுன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டாவது எனக்கு. எனக்கு ஆசையே இல்ல. அவ்ளோதான்."

நான் பெனிட்டோ, பெனிஷா என்று இரண்டு பெற்றவள். விடுவேனா. "தனக்காக மட்டும் வாழுததும் ஒரு வாழ்வாட்டி?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு மாதம் வேறு கடையில் மனு அடித்தாள். அங்கே எழுத்துப் பிழை தாங்க முடியாமல் திரும்பி வந்தாள். நான் கேட்டது தப்பு என்று இன்றுவரை நான் சொன்னதில்லை. தப்புதான்.

போன வருஷம் செப்டம்பரில் அவளுக்குக் காலை வாந்தி தொடங்கியது. வேறு ஊராக இருந்தால் எந்தப் பெண்ணும் அடுத்த நிமிஷம் நாள் எண்ணிப் பார்த்திருப்பாள். எர்ணாவூரில் காலையில் குமட்டினால் எழுந்து ஜன்னலைத்தான் சாத்துவார்கள். இவள் ஜன்னலைச் சாத்திவிட்டு நோட்டை எடுத்தாள். 'காலை 6.10. காற்று வடக்கு. மெழுகு வாடை. யசோதரா, வாந்தி ஒரு முறை.' மறுநாளும் அதே. தெருவின் வாட்ஸ்அப் குழுவில், இன்றைக்கு வாடையே இல்லையே என்று யாரோ போட்டார்கள். மூக்கு செத்த ஜனம் என்று பதில் போட்டாள். அப்படி இருபத்து மூன்று வரிகள். அத்தனையையும் நகலெடுத்து மனுவோடு வைத்தவள் நான்.

நாள் தள்ளிப்போனதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. வயது நாற்பது, அதுவாக நின்றுபோகிறது என்று முடிவு கட்டியிருந்தாள். ரத்தப்போக்கு அதிகம் என்று டாக்டர் அந்த வருஷம்தான் காப்பர்-டியை எடுத்திருந்தார். இந்த வயசில் இனி என்ன என்று இருவரும் அசட்டையாக இருந்துவிட்டார்கள்.

ஆலை வாடையால் யாருக்கு என்ன கேடு என்று பார்க்க அவளே அலைந்து ஒரு மருத்துவ முகாமைக் கொண்டுவந்தாள். வரிசையில் முதல் ஆளும் அவளே. நர்ஸ் அஜீசுன்னிசா நோட்டை இரண்டு பக்கம் புரட்டினாள், இவள் முகத்தைப் பார்த்தாள், தணிந்த குரலில் கேட்டாள்: "தலைக்கு ஊத்திகினு எத்தினி நாளாவுதும்மா?"

பதினோரு வாரம் என்றார்கள்.

அன்று கடைக்கு வந்தவள் மனு எதுவும் கொண்டுவரவில்லை. வாசலுக்கும் மெஷினுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுபடி நடந்தாள்.

"எழிலன் என்ன சொல்லுதான்?"

"உன் வவுறு, உன் முடிவுன்றான். அத்த கேட்டா எனக்கு இன்னும் பேஜாராவுது. எதனா எதுத்து பேசினான்னா சண்ட போட்டாவது மனச தேத்திக்குவேன்."

அதற்கு நான் இருந்தேன். "பெத்துக்கிடு" என்றேன். "ஒனக்கு எப்ப பாரு இதே பேச்சு" என்று வெடுக்கென்று கிளம்பிப் போய்விட்டாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கலைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்கள் இன்னும் மீதமிருந்தன. இடைப்பட்ட அஞ்சு நாளும் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் விம்கோ நகரில் மெட்ரோ ஏறுவாள், டோல்கேட்டில் இறங்குவாள், அங்கிருந்து திரும்பி நடப்பாள். ஒருநாள் என் கடையைத் தாண்டிப் போனாள், அரைமணியில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தாள். கூப்பிட்டேன், காதில் விழாத மாதிரி போய்விட்டாள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் சரி, இந்த நடை நிற்கட்டும் என்று மாதாவிடம் கேட்டேன்.

வியாழன் மதியம் வந்தாள்.

"கலைக்கலக்கா."

நான் மெஷின் தட்டில் பேப்பரை அடுக்கினேன். குறுக்கே பேசக் கூடாது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, ஏம்மா வோணான்றன்னு கேட்டாங்க. எப்பவும் சொல்ற ரெண்டையும் சொன்னேன். மொத காரணம் சொல்லசொல்ல கொரலு நல்லா வந்துச்சி. ரெண்டாவது சொல்லும்போது பொய் சொல்ற மாதிரியே இருந்துச்சி. அது எப்ப போச்சுன்னு எனக்கே தெர்லக்கா. நாளிக்கு வரேன்னு சொல்ட்டு எந்திரிச்சி வந்துட்டேன். போவ மாட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் அடுத்த குண்டைப் போட்டாள். திங்கட்கிழமை குறைகேட்புக் கூட்டம். நாங்கள் கொடுத்த மனு அங்கே வருகிறது. அந்த இருபத்து மூன்று வரிகளையும் அடித்துவிட வேண்டுமாம்.

"ஒனக்குப் பைத்தியமாட்டி? நீயா சொல்லாம யாருக்குத் தெரியப்போவுது? இருந்தா நமக்குத்தானே பலம்."

"அது ஆலை கேஸு இல்லக்கா. இல்லாதத எழுதினா, கீறதும் பொய்யாப் பூடும்."

கூட்டத்தில் மேடையில் மூன்று அதிகாரிகள். கீழே தெருவின் பெண்கள், முன்வரிசையில் தாயம்மா. பெயரைக் கூப்பிட்டதும் யசோதரா எழுந்தாள். "சார், இதுல என் பேர்ல வாந்தின்னு கீற இருபத்து மூணு வரி தப்பு. அது கேஸால வந்தது இல்ல. நான் மாசமா கீறேன். அத்த அடிச்சிருங்க."

கூடம் சிரித்தது. அதிகாரி ஒருவரும் சிரித்துவிட்டு, "அப்போ மத்ததும் இப்படித்தானாம்மா?" என்றார்.

"மத்தது இப்டி இல்ல சார். இருந்தா அத்தயும் நானே வந்து சொல்லியிருப்பேன். இத்த சொன்னேன்ல?"

அவர் பிறகு சிரிக்கவில்லை. வரிகளை அடித்துவிட்டு மனுவைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் கூடத்தில் யாரும் மேடையைப் பார்க்கவில்லை. தாயம்மா எழுந்து நின்றிருந்தார். பதினாலு வருஷம் அந்த அம்மா மருமகளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் வாயை அடைத்தவரும் அவரே.

"ஏம்மே, ஆபீசருக்கு சொல்றத வூட்ல எனக்கு சொல்லக்கூடாதா?"

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன் அத்தே."

"மொத நாளே கேட்டிருந்தா, அது கேஸு இல்லன்னு நானே சொல்லியிருப்பேனே."

அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை.

மே மாதம் மகிழினி பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள். நான் போய்ப் பார்த்தபோது யசோதரா ஜன்னல்களை எல்லாம் சாத்தி ஈரத்துணி தொங்கவிட்டிருந்தாள். வீடு புழுங்கியது. தூக்கம் எப்படி என்று கேட்டேன். குழந்தை தூங்குகிறாள், அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு நான் விழித்திருக்கிறேன் என்றாள். வருத்தமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமலேயே சொன்னாள்: "ரெண்டாவது காரணம் போனது போனதுதாங்கா. மொத காரணம் அப்டியே கீது. அத்த இப்ப மடில வெச்சிகினு கீறேன்."

போன வாரம் குழந்தையோடு கடைக்கு வந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்த நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். அன்றைய தேதி, நேரம், காற்றின் திசை, சுட்ட ரப்பர் எல்லாம் பேனாவில் இருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் காலி.

"இவ காலைல இருமினாக்கா. ரெண்டு வாட்டி. காத்தா, சளியான்னு எனக்கு தெர்ல. ஒருவாட்டி தப்பா எழுதினவ நானு. எழுதலாமா?"

திரையைக் குத்தும் அந்த விரல் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. இவளா என்னிடம் கேட்கிறாள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. "எழுதுட்டி" என்றேன்.

பென்சில் கேட்டாள். கொடுத்தேன். 'மகிழினி, நாலு மாசம், இருமல்' என்று எழுதி, பக்கத்தை என்னிடம் நீட்டினாள். பென்சில் எழுத்து ஜெராக்ஸில் சரியாக விழாது. முதல் நகலில் மற்றதெல்லாம் தெரிந்தது, குழந்தையின் பெயர் மட்டும் தெரியவில்லை. மெஷினில் கறுப்பைக் கூட்டிவைத்து மறுபடியும் எடுத்தேன்.